வராத அழுகை

மனச்சோர்வுக்கான மாத்திரை, எஸ்சிடலோப்ராம் 10 மில்லிகிராம். ஆறு வருஷமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.

போன மாதம் பெரியம்மா போய்ச் சேர்ந்தார். என்னைத் தூக்கி வளர்த்தவர். வீடே ஒப்பாரியில் கிடக்க, நான் பந்தல்காரருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

டாக்டரிடம் சொன்னபோதுதான் தெரிந்தது: இந்த வகை மாத்திரை சிலருக்குத் துக்கத்தோடு சந்தோஷத்தையும் சேர்த்தே மழுக்கிவிடுமாம். ஃபேனுக்கு அடியிலும் வியர்ப்பது, தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்தது (இதைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆனது!) எல்லாம் அந்தக் கணக்கில் வரலாம் என்றார். மூட்டுவலிக்கு நானாக வாங்கிப் போட்ட இபுப்ரோஃபென்தான் அவரைப் பதற வைத்தது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

மாத்திரைமேல் கோபமில்லை. படுக்கையிலிருந்து என்னை எழுப்பி உட்கார வைத்ததே அதுதான். முன்பு ஒருமுறை நானாக நிறுத்தியபோது, நாலே நாளில் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் சுரீரென்றது. இப்போது டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன்.

நீங்களும் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்றங்களைக் கூச்சப்படாமல் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டுங்கள்.