வில்லைத் தேர்வு

உழவர் நிலம் அறிந்து விதை தேர்வர்; தச்சர் மரம் அறிந்து உளி தேர்வர். ஒளிப்படம் எடுப்போரும் காட்சி அறிந்தே வில்லை தேர்தல் வேண்டும். லென்சு எனப்படும் கண்ணாடி வில்லையே கேமராவின் கண். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் இதுபற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், இடமறிந்து சொல்லைத் தேர்வதற்கும் வில்லையைத் தேர்வதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம். பவானியாற்றின் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் வளநாடு இது. பசுமையான வயல்களை நாடித் திரைப்படக் குழுவினர் பலமுறை வந்தமையால், ‘சின்னக் கோடம்பாக்கம்’ என்ற பெயரும் ஊருக்கு உண்டு. ஆதலின் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெரிய கேமராக்களைக் கண்டு வளர்ந்தவர்கள். கல்லூரியில் பயிலும் என் மகள் வயிற்றுப் பேரனுக்கும் அவ்வாசை பிறந்தது. விடுமுறையில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, ஒருவர் பயன்படுத்திய சிறிய நிக்கான் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை வாங்கினான்.

இக்கருவியின் அமைப்பு எளியது. வில்லை வழியாக வரும் ஒளியை, உள்ளே சாய்வாக நிற்கும் ஆடியொன்று மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி உயர்கிறது; ஒளி பின்னாலுள்ள உணரியின்மேல் விழுந்து படமாகிறது. வில்லையை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பதே இதன் சிறப்பு.

கேமராவோடு 18 முதல் 55 மி.மீ. வரை குவியத் தொலைவை மாற்றத்தக்க வில்லையொன்று வந்தது. குவியத் தொலைவு குறைந்தால் பரந்த காட்சி அடங்கும். மிகுந்தால் தொலைவிலுள்ள பொருள் பெரிதாகத் தெரியும். பேரனிடம் எஞ்சிய பணம் இன்னும் ஒரே ஒரு வில்லைக்குத்தான் போதும். “அப்புச்சி, 300 மி.மீ. வில்லை வாங்கினால் வயலில் நிற்கும் கொக்கையும் மீன்கொத்தியையும் அருகில் இருப்பவைபோல் எடுக்கலாம்” என்றான். கொங்கு நாட்டில் தாயின் தந்தையை அப்புச்சி என்றே அழைப்பர்.

“கொக்கு அடுத்த ஆண்டும் வரும். இவ்வாண்டு நீ எடுத்தே ஆகவேண்டிய படம் எது?” என்று வினவினேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்பு உள்ளறையை நோக்கினான். அங்கே தொண்ணூறு வயதை எட்டிய என் தாயார் கட்டிலில் அமர்ந்திருந்தார். ஒரு சிறு சன்னலின் ஒளியே அவ்வறைக்கு உண்டு. கண் அறுவை செய்துகொண்டவராதலின், மின்னல்போல் வெட்டும் விளக்கொளியை அவர் விரும்புவதில்லை. அவன் முன்னரே எடுத்த படங்களெல்லாம் கலங்கியிருந்தன.

அவ்வறைக்கு வேண்டியது நீண்ட வில்லையன்று. அகன்ற துளையுடைய வில்லை. வில்லையின்மேல் ‘எஃப்’ என்ற குறியோடு பொறித்த எண் சிறுத்தால் துளை பெருக்கும். அவனிடமிருந்த வில்லை 55 மி.மீட்டரில் 5.6 என்ற அளவுக்கே திறக்கும். 1.8 என்ற அளவில் அதனினும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட ஒளி புகும். துளை அகன்றால், தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். ஆகவே கண்ணின்மீது கருத்தாகக் குவித்தல் வேண்டும்.

அவ்வகையில் 35 மி.மீ., 50 மி.மீ. என இரண்டு இருந்தன. எதை வாங்குவது? விடை அவன் கையிலேயே இருந்தது. பழைய வில்லையை ஒரு வாரம் 35இலும், மறு வாரம் 50இலும் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னேன். பழைய பிலிம் 36க்கு 24 மி.மீ.; இச்சிறு கேமராவின் உணரியோ ஏறக்குறைய 24க்கு 16 மி.மீ. அதனால் 50 மி.மீ. வில்லை இதில் 75 மி.மீ. போல் காட்சியைக் குறுக்கும். அவ்வில்லைக்கேற்ப அவன் பின்னால் நகர்ந்தபோது சுவர் முதுகில் இடித்தது. 35இலோ முகமும் கைகளும் சன்னலும் ஒருங்கே அடங்கின.

கோவையில் ஒரு கடையில் பழைய 35 மி.மீ. வில்லையொன்று மலிவாகக் கிடைத்தது. ஆயினும் அதனுள் மோட்டார் இல்லை. 2006இல் வந்த டி40 தொடங்கி, நிக்கானின் தொடக்கநிலைக் கேமராக்களின் உடலிலும் குவிக்கும் மோட்டார் இல்லை. இரண்டையும் இணைத்தால், பொருந்தும், தானே குவியாது. எனவே மோட்டார் தன்னுள்ளேயே அமைந்த, ‘ஏ.எஃப்.-எஸ்.’ எனக் குறித்த வில்லையைச் சற்று மிகுந்த விலைக்கு வாங்கினான்.

மறுநாள் காலை எடுத்த படத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாயிருந்தது. அதனை நெடுநேரம் நோக்கிய தாயார், “இது நானா? என் ஆத்தாள் முகமல்லவா இது!” என்றார். அவருடைய தாயாரை ஒருவரும் படமெடுத்ததில்லை. நான் அறியாத ஒரு முகத்தை அன்று அறிந்தேன்.

பறவைப் படம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். மா. கிருஷ்ணன் (1912–1996) என்னும் இயற்கையியலறிஞர், வெவ்வேறு உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த கேமராவால் யானைகளையும் பிற காட்டுயிர்களையும் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தவர். விலங்கின் இயல்பை அறிந்து காத்திருந்த பொறுமையே அவருக்குப் பெருந்துணையாயிற்று. இதனைக் கேட்ட பேரன், இப்பொழுது விடியற்காலையில் வாய்க்கால் கரையில் அமர்ந்து, மீன்கொத்தி எக்கிளைக்கு எப்பொழுது வருகிறது என்று குறித்து வருகிறான். நீண்ட வில்லைக்கும் காசு சேர்க்கிறான்.

மாணவர்களே! கருவி வாங்குமுன், கையிலுள்ளதை முற்றும் பயன்படுத்திப் பாருங்கள். எது குறைகிறது, ஒளியா, தொலைவா, இடமா என்று கண்டறியுங்கள். பொருந்துமா என ஆராய்ந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுங்கள். அனைத்திற்கும் முதலாக, காலம் தாழ்த்தினால் மீண்டும் காண இயலாதது எதுவென உங்கள் இல்லத்திலேயே தேடிப் பாருங்கள்.