காயலான் கடையில் ஒரு ப்ரீஆம்ப்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை காயலான் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. பழைய சார்ஜர், யூபிஎஸ், ஸ்டெபிலைசர் எல்லாம் ஒரே தராசில்தான் ஏறும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மருக்குக் கிடைப்பது செம்பின் விலை மட்டும். காமர்ஸ் பாஷையில் வெறும் ஸ்கிராப் வேல்யூ!

ஆனால் வால்வு பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது புதையல். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் பாட்டைப் பெருக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப்புக்கு, 1947-ல் ஆர்சிஏ வெளியிட்ட 12ஏஎக்ஸ்7 வால்வு இன்றும் பிரபலம். அதன் ஹீட்டருக்கு 12.6 வோல்ட் போதும். பிளேட்டுக்கோ 250 வோல்ட் வரை வேண்டும். 230-ஐ 12 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் இரண்டு கிடைத்தால் போதும். முதலாவது தரும் 12 வோல்ட்டில் ஹீட்டர் எரியும். அதே 12-ஐ இரண்டாவதில் தலைகீழாகக் கொடுத்தால் சுமார் 200 வோல்ட் திரும்ப வரும். டயோடும் கெப்பாசிட்டரும் அதை டி.சி. ஆக்கும்போது 250-ஐத் தாண்டிவிடும்.

ஸ்டெபிலைசரை மட்டும் நம்பக் கூடாது. அதில் இருப்பது பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர். ஒரே வைண்டிங்தான் என்பதால் வீட்டுக் கரண்ட் நேராகப் பெட்டிக்குள் வந்துவிடும். தொட்டால் உயிர் போகலாம். கரண்ட் கொடுக்காமல், உள்ளே போகும் ஒயருக்கும் வெளியே வரும் ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். 'பீப்' அடித்தால் அது காயலான் கடைக்கே திரும்பட்டும்.

தராசுக்கு இரண்டும் ஒரே எடைதான். எதில் பாட்டு, எதில் ஆபத்து என்று மீட்டருக்குத்தான் தெரியும்.