இணக்கம் என்பது அடிமைத்தனமா?

"உடன் பணியாற்ற எளியவர்" என்று ஒருவரைப் புகழ்ந்தால் நம் இளைஞர் முகம் சுளிக்கின்றனர். தலையாட்டிப் பொம்மைக்குத் தரும் பட்டம் அது என்பது அவர்தம் எண்ணம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினோம். எண்ணியதற்குத் தண்டமும் கட்டினோம்.

அப்போது நமக்கு வயது 20. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. நாலு நூல் படித்துவிட்டோம் அல்லவா, நாவிலே நெருப்பு! அச்சு இயந்திரம் ஓட்டும் அண்ணாச்சி ஒருநாள் தாளொன்றைக் கொண்டுவந்து, "தம்பி, இந்த எழுத்து சரிதானான்னு பாருங்க" என்றார். ஓட்டுவது அவர் வேலை, படிப்பது நம் வேலை என்று பத்துப்பேர் நடுவே சீறினோம். தலைகுனிந்து சென்றார்.

சில திங்கள் கழிந்தன. மாதக் காலண்டர் 10,000 தாள் ஓடி முடிந்தது. பார்த்தால், மார்ச்சு மாதம் 30 நாளோடு முடிந்திருந்தது! இராகுகாலமும் எமகண்டமும் இம்மியும் பிசகாமல் அச்சாகியிருந்தன. 31-ஆம் நாளைத்தான் காணோம். அண்ணாச்சியிடம் ஓடினோம். "மொதத் தாள்லயே பாத்தேன் தம்பி. சொன்னா ஏசுவீகளேன்னு இருந்துட்டேன்" என்றார்.

தாளைக் கெடுத்தது அவர் மௌனமா? அந்த மௌனத்தை வளர்த்த நம் நாக்கு! நம் பிழையைப் பிறர் அஞ்சாமல் நம்மிடமே சொல்லும் நிலைதான் இணக்கம் என்பது அன்று விளங்கிற்று.

விருதுநகர் தந்த காமராசரைப் பாருங்கள். 1954-இல் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்ற காமராசர் இருவரையும் விலக்கினாரா? அமைச்சரவையிலே அமர்த்தினார், நிதியையும் கல்வியையும் சுப்பிரமணியத்திடமே தந்தார். அதற்காகக் கொள்கையை விட்டாரா? குலக்கல்வித் திட்டம் அவ்வாண்டே ஒழிந்தது. அதை அறிவித்தவரும் கல்வி அமைச்சரான அதே சுப்பிரமணியமே! ஆளிடம் இணக்கம், கொள்கையில் உறுதி. இரண்டும் ஒரு நெஞ்சில் குடியிருக்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அச்சகத்தில் வீணானது தாள். ஊர் எல்லையைத் தாண்டினால் பட்டாசு ஆலைகள். அங்கே வீணாவது உயிர். ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மீதம் வைக்கலாகாது. விதிகள் உண்டு. ஐந்தாமவர் நுழையும்போது "கூடாது" என்று சொல்ல வேண்டியவள், கூலிக்கு வந்த ஒரு பெண். அவள் சொல்லை ஃபோர்மேன் ஏசாமல் கேட்பாரா? கேட்டால் விதி உயிரோடிருக்கும். கேளாவிட்டால் சுவரில் தொங்கும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் கருகிய மண் இது. இங்கே சொல்ல அஞ்சும் ஒவ்வொரு வாயும் பற்றக் காத்திருக்கும் ஒரு திரி! "எல்லாம் விதி" என்று நெற்றியில் அடித்துக்கொள்வோரே, காக்கும் விதி தலையில் எழுதப்படவில்லை. ஆலைச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது.

வேலைக்குச் செல்லும் தோழனே! மேலிருப்பவரிடம் குனியாதே, உடனிருப்பவரிடம் சீறாதே. தன்மானம் உனக்கு மட்டும் உரிய சொத்தன்று. உன்னருகே நிற்பவருக்கும் அது உண்டு.

அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டோம், அதே பத்துப்பேர் நடுவே. மறுநாட்காலை தாளொன்றோடு வந்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். அதைவிடப் பெரிய ஊதியத்தை இன்றுவரை நாம் பெற்றதில்லை.