விடியுமுன் எழுந்தவர்கள்

2025-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளையும் ஏறி இறங்கிவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, மஞ்சள் புடவையோடு நேராக எங்கள் வாசலுக்கு வந்து ஒரு சொம்பு பானகத்தை நீட்டினார். எனக்கு லெந்து நோன்பு நாட்கள் என்பது அவருக்குத் தெரியும். "வெறும் வெல்லமும் சுக்கும்தாம்மா, குடிக்கலாம் இல்ல?" என்றார். குடித்தேன்.

நாங்கள் இருவரும் பார்ப்பது ஒரே நிலாவைத்தான். பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. ஈஸ்டரோ, மார்ச் 21-லிருந்து வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அந்த வருஷம் பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமையில், ஏப்ரல் 13-இல் வந்ததால், அது குருத்தோலை ஞாயிறாகி, ஈஸ்டர் 20-ஆம் தேதிக்குப் போனது. நடுவில் 14-ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டுக்கு அதே அக்கா வேப்பம்பூ பச்சடியும் கொடுத்தனுப்பினார்.

என் மாமியார் நகரிக்காரர். அவர் சிறுமியாக இருந்தபோது, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நகரி ஆந்திரா பக்கமே நின்றுவிட்டது. எங்களோடு தமிழ் பேசுவார், ஜெபம் மட்டும் தெலுங்கில். உயிர்த்தெழுதல் என்று அவர் வாயில் வந்ததே இல்லை, 'புனருத்தானம்' என்பார். என் மகன் மூன்று வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அந்தச் சொல்லைத் தடுக்கித் தடுக்கிச் சொல்லிப் பழகியது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த மகன் இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறான். மூன்று வருஷமாக ஆராதனைக்கு வருவதில்லை. சண்டை எதுவும் இல்லை. "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்பான், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானித்தபோது, "அதோ, உன் தாய்" என்பதற்கு மேல் என் மனம் நகரவில்லை. வெளியே திருத்தணி வெயில் கொளுத்தியது. நான் வளர்த்ததில் எங்கே குறை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை இரவு மாற்கு சுவிசேஷத்தை எடுத்தேன். இயேசுவின் கல்லறைக்குப் போனவர்கள் மூன்று பெண்கள். மகதலேனா மரியாள், யாக்கோபின் தாயாகிய மரியாள், சலோமே. சலோமேயைச் செபெதேயு மக்களின் தாய் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் மூவரில் இருவர் தாய்மார். எத்தனையோ முறை வாசித்த பகுதிதான், ஆனால் அன்றுதான் ஒன்று உறைத்தது. அவர்கள் உயிர்த்தெழுதலை நம்பிப் போகவில்லை. செத்த உடம்புக்குப் பூசச் சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு போனார்கள். வாசலில் இருக்கும் கல்லைத் தள்ள ஆள் இல்லை என்று தெரிந்தே போனார்கள். செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருந்தது, அதனால் விடியுமுன் எழுந்தார்கள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்தச் சுவிசேஷம் 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்களிடம்தான் முதல் செய்தி கொடுக்கப்பட்டது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. படுக்கும்போது மகனுக்காக வழக்கமான ஜெபத்தைச் செய்யவில்லை. காலையில் அவனுக்கு டீ போட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்காக மூன்றரைக்கு எழுந்தேன். இரண்டாவது ஷிப்ட் முடித்து அவன் வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. டீ வாசனைக்கு எழுந்து வந்தவன், "இருட்டுல தனியா போகாதீங்க, நான் விட்டுட்டு வரேன்" என்று பைக்கை எடுத்தான்.

ஆராதனை முடிந்து சபையார் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவன் கேட்டருகே பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான். மாமியார் கல்லறைக்கு முந்தின வாரம்தான் சுண்ணாம்பு அடித்திருந்தோம், ஆனாலும் அதைச் சுற்றி நெருஞ்சி படர்ந்திருந்தது. நான் குனிந்து பிடுங்க ஆரம்பித்தேன். சற்று நேரத்தில் பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

"முள்ளு குத்தும், விடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவன் பாட்டி கல்லறையருகே மண்டியிட்டு நெருஞ்சியை வேரோடு பிடுங்கத் தொடங்கினான். நான் மெழுகுவத்தியை அவன் கைப்பக்கம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.