ஒரு ஷேடு கூட்டிப் போடுவது யாருக்காக?

மார்ச் 3, செவ்வாய்

நகைக்கடை விளம்பரமோ பட்டுப்புடவை கேட்டலாக்கோ, ஸ்டூடியோவில் படம் என்றால் மாடலின் நிறத்தைவிட ஒரு ஷேடு கூட்டித்தான் ஃபவுண்டேஷன் போட வேண்டும் என்பது நம் ஊர் மேக்கப் தொழிலில் எழுதாத சட்டம். "கேமராவுக்கு அப்படித்தான் போடணும், இல்லேன்னா படத்துல இன்னும் கறுப்பா விழும்" என்று அதற்குக் காரணமும் சொல்வார்கள். மாநிறமோ கறுப்போ, மாடல் எந்த நிறமானாலும் இந்தக் காரணம் இன்று செல்லாது என்பதே என் கட்சி. ஆனால் அது ஆதாரமே இல்லாமல் முளைத்த நம்பிக்கையும் இல்லை. மௌனப்பட காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவந்த கன்னம் அதில் இருண்டு விழும், சாயம் பூசிய உதடு கரியாகும். வெள்ளைக்காரர் முகமே திட்டுத்திட்டாகத் தெரிந்தது. 1914இல் மேக்கப் கலைஞர் மேக்ஸ் ஃபேக்டர் சினிமாவுக்கென்றே மெல்லிய கிரீஸ்பெயின்ட் ஒன்றைத் தயாரித்தார். 1920களின் கடைசியில் எல்லா நிறங்களையும் வாங்கும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவியதும் அந்தப் பழைய மேக்கப் ஷேடுகள் உதவாமல் போயின. டெக்னிகலர் வண்ணப்படம் வந்தபோது அதற்கென்று பான்-கேக் மேக்கப் வந்தது. ஃபிலிம் மாறும்போதெல்லாம் மேக்கப்பும் மாறியிருக்கிறது. நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கம் மட்டும் ஏன் மாறக் கூடாது?

கலர் ஃபிலிம் காலத்தில் கதை இன்னும் கசப்பானது. லேபில் பிரின்டின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய 'ஷெர்லி கார்டு'களில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக விழுந்தால் பிரின்ட் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் விவரமில்லாமல் இருண்டு போனதற்கு இது ஒரு காரணம். பழுப்பு நிற நுணுக்கங்கள் ஃபிலிமில் சரியாக வரவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் முறையிட்ட பிறகே அதில் கவனம் விழுந்தது என்று கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். பல இனப் பெண்கள் இடம்பெற்ற கார்டு 1990களில்தான் வந்தது. படத்தில் கறுத்து விழுவோமோ என்று நம் பெண்கள் பயந்ததில் நியாயம் இருந்திருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஃபிலிம் பொறுப்பு. அவர்கள் தோல் அல்ல.

மார்ச் 4, புதன்

இன்றைய ஸ்டூடியோவில் வெளிச்சம் முழுக்க நம் கையில். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கிறது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பின்னணி வைத்தால் அது ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். அந்தப் பழியை முகத்தின் நிறம் சுமக்கிறது. முகத்தருகே கையில் பிடிக்கும் மீட்டரோ விழும் ஒளியை அளக்கிறது. அதற்கு எதிரே இருப்பவர் நிறம் என்னவென்று தெரியவே வேண்டாம். முகம் இன்னும் துலங்க வேண்டுமானால் ஃபிளாஷின் பவரைக் கொஞ்சம் ஏற்றலாம், சாஃப்ட்பாக்ஸை அருகே இழுக்கலாம், நிழல் பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் பலகை நிறுத்தலாம். ஒளி செய்ய வேண்டிய வேலையை ஃபவுண்டேஷனிடம் ஒப்படைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஃபவுண்டேஷனுக்கு நிறம் கொடுப்பவை சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடும். ஷேடு வெளுக்க வெளுக்க அந்த வெள்ளைப் பொடியின் பங்கு கூடும். மாநிறத் தோலின் மேல் அது உட்கார்ந்தால் அடியில் இருக்கும் செம்மஞ்சள் சாயல் செத்து, முகம் சாம்பல் பூத்துப்போகும். வெளுப்பு வருவதில்லை, சோகை வருகிறது. அதற்கு மேல் வெள்ளை சிலிக்கா பவுடரையும் அப்பி நேரெதிரே ஃபிளாஷ் அடித்தால், கண்ணாடியில் தெரியாத வெண்திட்டுகள் படத்தில் தெரியும். இன்னொரு இழப்பும் உண்டு. கறுத்த தோலில் மூக்குத் தண்டிலும் கன்னமேட்டிலும் ஒளி கூர்மையாக மின்னும். முகத்துக்கு வடிவம் கொடுப்பதே அந்த மினுக்கம்தான். எண்ணெய்ப்பசையை ஒற்றி எடுப்பது சரி, மினுக்கத்தையே பவுடரால் மூடுவது சரியல்ல. நகைப் படத்தில் இது கண்கூடு: வெளுக்கப் பூசிய முகத்துக்கும் பூசாத கழுத்துக்கும் நடுவே ஒரு கோடு விழுகிறது, அந்தக் கோட்டின் மேலேயே அட்டிகை உட்கார்கிறது. பார்ப்பவர் கண் எங்கே போகும்?

மார்ச் 8, ஞாயிறு

எதிர்க்கட்சிக்கும் நியாயங்கள் உண்டு. ஃபிளாஷ் வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும் என்பார்கள். உண்மை. அதனால்தான் புருவம், கன்னச் சிவப்பு, உதட்டுச் சாயம் எல்லாவற்றையும் நேரில் பார்ப்பதற்குக் கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறோம். அது அழுத்தத்தைக் கூட்டுவது. தோலின் நிறத்தை மாற்றுவதற்கு அதில் நியாயம் கிடையாது. நம்மவர் முகம் ஒரே நிறமாக இருப்பதில்லையே, நெற்றியும் வாயோரமும் கறுத்துக் கன்னம் வெளிறி இருந்தால் எந்த நிறத்துக்குப் போடுவது என்ற கேள்வி இன்னும் வலுவானது. கழுத்தையும் நெஞ்சின் மேற்பகுதியையும் பார்த்துப் போடுங்கள் என்பதே என் பதில். படத்தில் முகத்தோடு சேர்ந்து தெரியப்போவது அவைதான். வாயோரக் கருமைக்கும் கண்ணடிக் கருவளையத்துக்கும் முதலில் ஆரஞ்சு கரெக்டரை மெல்லிசாகத் தட்டிவிட்டு, கழுத்து நிறத்து ஃபவுண்டேஷனை மேலே வைத்தால் வெளுப்பு இல்லாமலே திட்டு மறையும். காதுமடலை மறந்துவிடாதீர்கள், ஜிமிக்கிப் படத்தில் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

"எல்லாத்தையும் எடிட்டிங்ல பார்த்துக்கலாம்" என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொஞ்சம் இருண்ட முகத்தைத் தூக்கிவிடலாம். சாம்பல் பூத்த முகத்துக்குத் தோலின் சாயலைத் திருப்பிக் கொடுக்க, படம் படமாக உட்கார்ந்து வண்ணம் தீட்ட வேண்டும். கடைசியில் நிற்பது ஒரே வாதம்: கிளையன்ட் சிவப்பாகத்தான் கேட்கிறார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது, கூலி கொடுப்பவர் அவர். ஆனால் சிவப்பழகுப் பொருள்களின் விளம்பரம்கூடக் கறுத்த நிறத்தைக் குறைவாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் சொந்த அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2014இலேயே விதி வகுத்துவிட்டது. 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி'யே பெயரிலிருந்து 'ஃபேரை' எடுக்க வேண்டியதாயிற்று. பெயர் மாறியதால் மனம் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கிளையன்டின் விருப்பத்தை விருப்பம் என்றே சொல்வோம், கேமராவின் தேவை என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாம் என்கிறேன். பேஸ் போடுவதற்கு முன்பே, அதே விளக்குகளின் கீழ் வெறும் முகத்தோடு ஒரு டெஸ்ட் படம் எடுத்து, மானிட்டரில் கிளையன்டையும் மாடலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எந்த இடத்தில் விளக்கைத் திருப்ப வேண்டும், எந்த இடத்தில் பிரஷ்ஷை எடுக்க வேண்டும் என்று மூவரும் பேசி முடித்த பிறகு ஷேடு டப்பாவைத் திறக்கலாம்.