வீடுவரை நடக்கிற ஊழியம்

முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டியதும் எங்கள் சபை வாலிபர்களுக்கு வேலை தொடங்கிவிடும். இடையஞ்சாவடிப் பக்கம் முந்திரிப் பழம் விழுகிற காலம் அது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். உப்பு நன்றாக விளைவதும் இதே வெயிலில்தான். தாயும் தகப்பனும் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். லீவில் இருக்கிற பிள்ளைகளுக்கு வீட்டில் துணையில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் வருடந்தோறும் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியை நடத்தப் போகிறோம். வாலிபர்களைப் பழக்கிக் கூட்டிப்போகிற பொறுப்பு என்னுடையது.

இந்த ஊழியம் பிறந்ததே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். 1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைப் பார்த்து மனம் பொறுக்காத ஹாவ்ஸ் அம்மையார், ஒரு பீர்க்கடையின் கூடத்தை வாடகைக்கு எடுத்துப் பாட்டும் வேதபாடமும் கைவேலையும் சொல்லிக்கொடுத்தார். 1901 முதல் ராபர்ட் போவில் அதை அந்த நகரின் வேறு இடங்களுக்கும் கொண்டுபோனார். பாடம் நடத்த அவர் சேர்த்தது விடுமுறையில் இருந்த கல்லூரி மாணவர்களை. அதற்கும் முன்பு, 1868இல், வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பியர்ஸ் மணலில் கடவுளின் அன்பைப் பற்றி ஒரு வரி எழுத, சுற்றி நின்ற பிள்ளைகள் அந்த எழுத்துகளைச் சிப்பியாலும் கடற்பாசியாலும் அலங்கரித்தார்கள். கட்டிடம் இல்லை, மைக் இல்லை. பிள்ளைகளோடு தரையில் உட்கார ஒரு இளைஞன் இருந்தான், அவ்வளவுதான்.

அப்படி உட்காரத் தெரிந்தவர்களை உருவாக்குவதுதான் கடினம். பாட்டும் அசைவும் எங்கள் பையன்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். கதை சொல்ல வராது. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். பின்வரிசை உடனே பேச ஆரம்பித்துவிடும். அதனால் பயிற்சியின்போது புத்தகத்தை வாங்கி வைத்துவிடுவேன். கதையை வீட்டில் தம்பி தங்கைக்கு மூன்று தடவை சொல்லிவிட்டு வா என்பேன். பிகினர் வகுப்பின் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை ஐந்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. ஜூனியர் வகுப்பின் பெரிய பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்க நேரம் விட வேண்டும். அக்கினி நட்சத்திரம் நடக்கிற நாட்களில் எட்டு மணிக்கே ஜெபித்துத் தொடங்கி, பதினொன்றரைக்குள் முடித்துவிட வேண்டும். பத்தாம் நாள் நடக்கிற நிறைவுப் பவனிக்குள் பாதிப்பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழுவேலி ஏரி, நடுவில் உப்பளத்துக்குத் தண்ணீர் பாய்கிற வாய்க்கால்கள். காலையில் பதிவேட்டில் எழுதிய ஒவ்வொரு பெயரையும் முடியும்போது திரும்பக் கூப்பிட வேண்டும். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. வருகிற பிள்ளைகளில் பலர் வேறு நம்பிக்கையுள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் அம்மாவிடம் நேரில் போய், என்ன சொல்லிக்கொடுப்போம் என்று விளக்கி, சம்மதம் கேட்டபிறகுதான் பெயர் எழுதுவோம். ஜெபத்துக்குக் கண்மூட யாரையும் வற்புறுத்துவதில்லை. அன்பை ஒளித்துவைத்துக் கொடுக்க வேண்டியதில்லை, திணிக்கவும் வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒருமுறை மலைப்பிரசங்கத்தில் வருகிற உப்பைப் பற்றிய பாடம். கல்லூரியில் வேதியியல் படிக்கிற தம்பி ஒருவன், உப்பு சாரமிழந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். ஜூனியர் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். “உப்பு கெட்டுப்போவாது அண்ணா. ஆனா உப்பு எறங்கினப்புறம் நிக்கிற கசப்புத் தண்ணிய வடிச்சு விடணும். விடலைன்னா உப்பே கசக்கும். எங்கப்பா நாக்குல வச்சுப் பாத்துதான் சொல்வாரு.” அவன் சொன்னது சரி. கடைசியில் மிஞ்சுகிற அந்தத் தண்ணீரில் மக்னீசிய உப்புகள் தங்கிவிடும். தம்பி தயாரித்து வந்ததைத் தொடரவில்லை. கீழே உட்கார்ந்து, உங்கப்பா இன்னும் என்னவெல்லாம் சொல்வார் என்று அந்தப் பையனிடம் கேட்டான். மற்ற பிள்ளைகளும் பாத்தி, பலகை, மழை வந்தால் கரைந்துபோகிற குவியல் என்று ஆளுக்கொன்று சொல்ல, வகுப்பு முழுக்க அவர்கள் கைக்குப் போனது. அன்றுதான் அந்தத் தம்பி ஆசிரியன் ஆனான் என்றே சொல்வேன்.

வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை அவரவர் வீட்டில் கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். வி.பி.எஸ்ஸின் சிறந்த நேரம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நடக்கும்போதுதான் பிள்ளைகள் பேசுவார்கள்: குடிக்கிற அப்பா, வாங்காத நோட்டு, செத்துப்போன ஆட்டுக்குட்டி. வாசலில், உப்பளத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய அம்மா வெடித்த பாதத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். “உக்காரு தம்பி, மோர் குடிச்சிட்டுப் போ” என்பார். அந்த மோரை வாங்கிக் குடித்து, அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு வருகிற இருபது வயதுப் பையன், ஜெபக் கூட்டத்தில் அதுவரை சொன்ன பொதுவான வார்த்தைகளை விட்டுவிட்டுப் பெயர் சொல்லி ஜெபிக்கத் தொடங்குவான்.

எங்கள் வி.பி.எஸ். நாட்களுக்குள் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டும் வந்துவிடுவதுண்டு. அப்படி ஒரு காலையில், பாடம் நடத்துகிற தங்கை ஒருத்தி எதிர்பார்த்த மார்க் வராமல் கண் வீங்க வந்து நின்றாள். இன்று ஓய்வெடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “என் பிள்ளைங்க வந்திருக்கும் அக்கா” என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு பிரைமரி வகுப்புக்குப் போனாள். இந்த ஊழியத்தில் எனக்குக் கிடைக்கிற சம்பளம் இதுதான். நிறைவு நாளில் போர்த்துகிற சால்வை எனக்கு இதற்கு ஈடாகாது.

அந்தத் தங்கை பிறகு மாதமொரு சனிக்கிழமை பஸ் பிடித்து அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் போனாள். ஒருத்திக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். எல்லா வாலிபர்களும் அப்படிப் போவதில்லை. கல்லூரி, வேலை, சென்னை என்று பிரிந்துவிடுகிறார்கள். அதனால் இப்போது நிறைவு நாளிலேயே பதிவேட்டைப் பங்குபோட்டுக் கொடுத்துவிடுகிறேன். ஒருவருக்கு ஐந்து வீடு. பள்ளி திறந்த முதல் வாரத்தில் அந்த ஐந்து வீட்டுக்கும் போய், பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டதா, நோட்டு வாங்கியாயிற்றா என்று பார்த்து வந்து என்னிடம் சொல்ல வேண்டும்.