ஒரே இருமல், வெவ்வேறு கேள்விகள்

மருத்துவம் என்னும் ஒரே சொல்லால் நாம் சுட்டுவது ஒரு பெரிய கூட்டுக்குடும்பத்தை. அதன் துறைகள் தம்முள் உறவினவே. ஆயினும் அவை கேட்கும் கேள்விகள் வேறு. இது அறிஞர்க்கு மட்டும் உரிய நுணுக்கமன்று என்பதை விருத்தாசலம் போன்றதொரு பீங்கான் நகரில் வாழ்வோர் நன்கு உணரலாம்.

பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸ் மாவும் சேர்கிறது. அதிலுள்ள சிலிக்காவின் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் தங்கி, ஆண்டுகள் பல கழித்து அதைத் தழும்பேறச் செய்கின்றன. இதுவே சிலிக்கோசிஸ். இருமல், மூச்சிரைப்பு, உடல்மெலிவு ஆகியவை காசநோயிலும் காணப்படுவன அல்லவா! எக்ஸ்ரே படத்திலும் ஒன்று மற்றொன்றாய்த் தோன்றுவதுண்டு.

சளியில் கிருமி உண்டா என்று நுண்ணுயிரியல் தேடுகிறது. திசு எவ்வாறு சிதைந்துள்ளது என்று நோய்க்குறியியல் ஆராய்கிறது. ஒரே பட்டறையில் எத்தனை பேருக்கு இருமல் என்று நோய்ப்பரவலியல் கணக்கெடுக்கிறது. தொழில்சார் மருத்துவமோ, "நீர் செய்யும் வேலை என்ன?" என்று வினவுகிறது. மருத்துவர் ஒவ்வொருவரும் இதைக் கேட்கவேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசீனி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே வலியுறுத்தினார். குயவரின் நோய்களும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன.

தொழில்சார் மருத்துவத்தையும் தொழிலகச் சுகாதாரவியலையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். முன்னது தொழிலாளியைச் சோதிக்கிறது. பின்னது அவர் சுவாசிக்கும் காற்றை அளக்கிறது. நம் எண்ணத்தில், ஏழைத் தொழிலாளிக்குப் பின்னதே பெருந்தேவை. ஏனெனில் காசநோயை மருந்தால் குணப்படுத்தலாம். சிலிக்கோசிஸைக் குணமாக்கும் மருந்து இல்லை. மாவை ஈரப்படுத்திக் கையாளுதல், தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றுதல், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதிருத்தல் ஆகியவையே காப்பு. மூக்கில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது.

குருமடத்தில் அறநெறி இறையியலையும் மேய்ப்புப்பணி இறையியலையும் தனித்தனிப் பாடங்களாகப் பயின்றோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவை பிரிந்து வந்ததேயில்லை. இந்நோய்களும் அப்படித்தான். சிலிக்கா புண்படுத்திய நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்கிறது. கிருமி ஒழிந்த பின்னும் மூச்சிரைப்பு நிற்பதில்லை. பழைய பட்டறைக்கே திரும்பினால் பழைய தூசியும் காத்திருக்கிறது.

நோய்க்கு எந்தப் பெயர் எழுதப்படுகிறது என்பதும் சிறிய செய்தியன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மருத்துவர் அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் சிலிக்கோசிஸைச் சேர்த்தது. ஆதலால் மருத்துவர் கேளாவிடினும், எந்தப் பகுதியில், எத்தனை ஆண்டு வேலை என்பதை நோயாளியே சொல்லி, சீட்டில் எழுதித் தரும்படி வேண்டலாம்.